தியானம் செய்ய ஆரம்பித்த பிறகு கெட்ட எண்ணம் வருகிறது, எனக்கு மனநோயா?

கேள்வி: ஏழு மாதக் குழந்தையின் தாய் நான். இரண்டு மாதமாக மொபைல் ஆப் பார்த்து மூச்சைக் கவனிக்கிறேன். மனம் அடங்காமல் கண்டபடி ஓடுகிறது. போன வாரம் குழந்தையோடு பால்கனியில் நின்றபோது 'கீழே போட்டுவிட்டால்?' என்று தோன்றியது. பதறி உள்ளே வந்து கதவைத் தாழ் போட்டுவிட்டேன். மறதி, முடி கொட்டுவது வேறு. மாமியாரின் தூக்க மாத்திரையில் பாதி இரண்டு முறை போட்டேன்.

பதில்: முடியை விடுங்கள், பிரசவத்துக்குப் பிறகு கொட்டும், தானாக வளரும். இரவெல்லாம் எழுந்து பால் கொடுப்பவருக்கு மறதி வராவிட்டால்தான் ஆச்சரியம். நீங்கள் கேட்க வந்தது பால்கனியைப் பற்றி.

தாழ் போட்டீர்கள் பாருங்கள், அதில்தான் விஷயமே இருக்கிறது. அது உங்கள் ஆசையாக இருந்தால் பதறியிருக்க மாட்டீர்கள். கைக்குழந்தை வைத்திருக்கும் நிறைய அம்மாக்களுக்கு இது வருகிறது, வெட்கத்தில் வெளியே சொல்வதில்லை. நோயில்லாத சாதாரண மனிதர்களிடம் லண்டனில் விசாரித்து 1978-இல் வெளியிட்டார்கள்: ஐந்தில் நாலு பேருக்கு இப்படி வேண்டாத எண்ணங்கள் வந்து போயிருக்கின்றன.

தியானம் இதை உண்டாக்கவில்லை. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2,250 பேரிடம் போன் வழியாக அவ்வப்போது கேட்டு 2010-இல் எழுதினார்கள், கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் மனம் கையிலிருக்கும் வேலையில் இல்லையாம். மின்விசிறியை நிறுத்தியதும் சுவர்க்கடிகாரம் கேட்கிறதே, அதுபோல எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது இப்போது உங்கள் காதில் விழுகிறது, அவ்வளவுதான். மூச்சை விட்டு 'குக்கர் மூணு விசிலா நாலா' என்று மனம் போய்விட்டதைக் கண்டுகொண்டு திரும்புகிறீர்களே, அந்தத் திரும்புதல்தான் பயிற்சி. மனம் காலியாக வேண்டும் என்று யார் சொன்னது? விரட்டினால் இன்னும் ஒட்டிக்கொள்ளும்.

ஒன்றுக்கு மட்டும் பயப்படுங்கள். குழந்தை தூங்கியும் உங்களுக்கு இரவுக்கிரவு தூக்கமே வராமல், அந்த எண்ணம் பயத்தைத் தராமல் சரி என்று படத் தொடங்கினால், யாரோ காதில் சொல்வதுபோலக் கேட்டால், குழந்தையிடம் ஏதோ கெட்டது இருப்பதாகத் தோன்றினால், அன்றைக்கே, மறுநாள் வரை காத்திருக்காமல், வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தையோடு தனியாக இருக்காதீர்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், அழுகையும் சோர்வும் இரண்டு வாரமாக விடவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416, அரசின் இலவச எண்.

அப்புறம் அந்த மாத்திரை. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டு, மாமியாருக்கு எழுதித் தந்ததை, அளவும் நீங்களே தீர்மானித்து! அட்டையை இன்றைக்கே அவரிடம் திருப்பிக் கொடுங்கள்.