படத்தை வைத்து ஆப்பிரிக்கப் பழுப்புக் கழுகுகளை எப்படி இனம் காண்பது?

கேள்வி: ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் எடுத்த கழுகுப் படத்துக்கு மூன்று பேர் மூன்று பெயர் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

இப்போதைக்கு யாரையும் நம்ப வேண்டாம். ஜனவரியில் அங்கே பழுப்பாக ஒரு கழுகு உட்கார்ந்திருந்தால் நான்கு பெயராவது போட்டிக்கு வரும்: டானி, ஸ்டெப்பி, லெஸ்ஸர் ஸ்பாட்டட், வால்பெர்க்ஸ். இவற்றில் டானி மட்டும்தான் வருடம் முழுக்க இருப்பது. ஸ்டெப்பியும் லெஸ்ஸர் ஸ்பாட்டட்டும் வடக்கே குளிர் தொடங்கியதும் ஐரோப்பா, ஆசியாவிலிருந்து வந்து மார்ச் வாக்கில் கிளம்பிவிடும். வால்பெர்க்ஸ் ஆப்பிரிக்காவுக்குள்ளேயே வலசை போவது. ஆகஸ்ட், செப்டம்பரில் வந்து ஏப்ரலுக்குள் போய்விடும். நீங்கள் ஜூலையில் எடுத்திருந்தால் பாதி வேலையைக் காலண்டரே முடித்துக் கொடுத்திருக்கும். அதனால் முதலில் கேமராவில் தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி தீர்ந்து என் கேமராவின் தேதி ஒருமுறை தானாக ஜனவரி 1க்குப் போய்விட்டது. ஜூலையில் எடுத்த டானிக்கு, அதைக் கவனிக்காமல் ஒரு வாரம் சண்டை போட்டிருக்கிறேன்.

நிறத்தை நம்பாதீர்கள். டானி வைக்கோல் நிறத்திலும் இருக்கும், கரும்பழுப்பிலும் இருக்கும். வெயிலில் இறகு வெளுக்கும். சாயங்கால வெளிச்சத்தில் எல்லாமே டானிதான்.

நான் பாடம் கற்றது க்ரூகரின் சடாரா முகாமுக்குப் பக்கத்தில். ராத்திரி நல்ல மழை, காலையில் ஈசல். ஏழெட்டுக் கழுகுகள் கோழி மாதிரி தரையில் நடந்து நடந்து ஈசலைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. நாற்பது படம் எடுத்தேன். ஒன்றில் கழுகு நேராக என்னையே முறைத்தது. அட்டைப்படத்துக்கே போடலாம், அப்படி ஒரு படம். அதற்கு 'டானி' என்று பெயர் கொடுத்துப் பதிவேற்றினேன். அனுபவசாலி ஒருவர் கேட்டார்: "கடைவாய் தெரியிற மாதிரி படம் இருக்கா?"

அலகுக்குப் பின்னால் மஞ்சளாக ஓடும் வாயோரம்தான் அவர் கேட்டது. டானிக்கு அது கண்ணின் நடுப்பகுதிக்குக் கீழேயே நின்றுவிடும். ஸ்டெப்பிக்குக் கண்ணின் பின்விளிம்பு வரைக்கும் போகும். பக்கவாட்டுப் படத்தில் கண்ணின் நடுவிலிருந்து நேர்கீழே ஒரு கோடு போட்டுப் பார்த்தால் போதும். நேராக முறைக்கும் என் அழகுப் படத்தில் அதைப் பார்க்க வழியே இல்லை. நல்லவேளை, மெமரி கார்டை இன்னும் அழிக்கவில்லை. கலங்கலாக ஒரு பறக்கும் படம் இருந்தது. இறக்கையின் அடிப்பக்கம் நீளவாக்கில் அகலமான வெள்ளைப் பட்டை. இளம் ஸ்டெப்பி!

அடுத்தது கால். நான்குக்கும் விரல் வரைக்கும் இறகு உண்டு. டானிக்கும் ஸ்டெப்பிக்கும் தொளதொள பைஜாமா என்றால் லெஸ்ஸர் ஸ்பாட்டட்டுக்குக் காலோடு ஒட்டிய குழாய் பேன்ட். அதன் மூக்குத் துவாரமும் வட்டமாக இருக்கும்; மற்ற இரண்டுக்கும் நீள்வட்டம். கால் வெறுமையாக, கண் பெரிதாக மஞ்சளாக இருந்தால் இந்தப் பட்டியலையே மூடிவிடுங்கள், அது பிரவுன் ஸ்நேக் ஈகிள். வால்பெர்க்ஸ் இவற்றில் சிறியது. பின்னந்தலையில் குட்டிக் கொண்டை இருக்கும், பறக்கும்போது வால் ஒடுக்கமாக, நேராக, பலகைச் சட்டம் மாதிரி தெரியும்.

கழுகாவது பரவாயில்லை. தென்னாப்பிரிக்காவின் ஹைவெல்ட் மேட்டுநிலப் புல்வெளியில் சிஸ்டிகோலா என்று ஒரு சின்னக் குருவிக் கூட்டம் இருக்கிறது. அதில் ஸிட்டிங் என்ற இனம் நம்மூர் வயலிலும் 'டிக், டிக்' என்று துள்ளிப் பறப்பதுதான். அங்கே அதோடு கிளவுட், விங் ஸ்நாப்பிங் என்று அதே அச்சில் வார்த்த உறவினர்களும் உண்டு. படத்தை மட்டும் வைத்து இவற்றுக்குப் பெயர் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஃபோனில் பத்து நொடி குரலைப் பதிவு செய்துகொண்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

பிபிட் எனப்படும் நெட்டைக்காலிக் குருவிகளின் கதை இன்னும் வேடிக்கை. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி ஊர்ப் பக்கத்திலிருந்து 1996இல் ஒன்று, 2002இல் இன்னொன்று என இரண்டு புது இனங்களை அறிவித்தார்கள். பிற்பாடு அளவுகளையும் மரபணுவையும் ஒப்பிட்டவர்கள் இரண்டுமே தனி இனம் இல்லை என்று முடிவுகட்டினார்கள். பறவையைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கே அந்தக் கதி. ஆகவே செயலி ஏதோ பெயர் காட்டியது என்பதற்காக நெட்டைக்காலிப் படத்துக்குப் பெயர் போடாதீர்கள்.

சரி, உங்கள் படத்துக்கு வருகிறேன். கால் புல்லுக்குள் இருக்கிறது, தலை முக்கால்வாசி நம் பக்கம் திரும்பியிருக்கிறது. கடைவாய் நீளமாகப் போகிற மாதிரி தெரிந்தாலும் இந்தக் கோணத்தில் நான் சத்தியம் செய்ய மாட்டேன். அதே வரிசையில் எடுத்த சுமாரான படங்கள் இருக்குமே, எழுந்து பறந்தபோது எடுத்தவை உட்பட. அவற்றை அழிக்காமல் அப்படியே போடுங்கள்.