கேள்வி பதில்: மலைக்காட்டில் தனி நடை

கேள்வி: நக்கிள்ஸ் மலைக்காட்டுக்குள் ஒரு குடிலில் இரவு தங்க அனுமதி எடுத்திருக்கிறேன். 12 கிலோமீற்றர் தூரம், 600 மீற்றர் ஏற்றம். தனியே போகிறேன். எத்தனை மணிக்கு நடக்கத் தொடங்க வேண்டும்?
- வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: காலை 6 மணிக்கு. கணக்கு இதுதான்: 5 கிலோமீற்றருக்கு ஒரு மணி, 600 மீற்றர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. உங்கள் பாதைக்கு 3 மணி 24 நிமிடம் வரும். ஆனால் அது நல்ல தரைக்கான கணக்கு. வேரும் சேறும் வழுக்குப் பாறையும் உள்ள காட்டில் அதன் பாதியைக் கூட்டுங்கள். ஓய்வையும் சேர்த்தால் ஆறு மணி நேரம்.

11 மணிக்குள் பாதி வழி தாண்டாவிட்டால் திரும்பிவிடுங்கள். அதே வேகத்தில் இறங்கினாலே மாலை 4 மணியாகும். நம் நாட்டில் அந்தி வெளிச்சம் அரை மணிகூட நிற்காது; மரத்தடியில் அதற்கு முன்பே இருட்டிவிடும். தலையில் கட்டும் டோர்ச் இரண்டு வேண்டும்.

வழி தவறுவது பெரும்பாலும் கவர்வழியில், அதாவது பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில்தான். ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போன பழைய ஒற்றையடிப் பாதைகள் அங்கே நிறைய. சில, நீங்கள் போகும் பாதையைவிடத் தெளிவாகவே தெரியும். ஒவ்வொரு கவரிலும் திரும்பி நின்று, வந்த வழியைப் போனில் படமெடுங்கள். தவறியது தெரிந்தால் கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடத்துக்கே போங்கள். ஓடையைப் பிடித்து இறங்கவே வேண்டாம், அது நீர்வீழ்ச்சி விளிம்பில் கொண்டுபோய் விடும்.

தண்ணீர் 3 லீற்றர், ஜீவனி (நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்) இரண்டு பக்கற், மாற்றுடுப்பு இரட்டைப் பொலித்தீனில். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது, உடல் சூட்டையும் இழுத்துவிடும். 100 மீற்றர் ஏற ஏறக் கிட்டத்தட்ட 0.6 பாகை குறையும். மட்டக்களப்பில் 30 பாகை என்றால் 1,500 மீற்றர் உயரத்தில் 21தான். கிழக்கில் நமக்குக் கச்சான் காற்று (தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று) அடித்து வயல் வெடிக்கும் மாதங்களில், அதே காற்றுத்தான் மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டுகிறது. ஊர் வெயிலைப் பார்த்து மழைக்கோட்டை வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

குடிலின் திறப்பு யாரிடம், அங்கே குடிதண்ணீர் உண்டா என்பதை அனுமதி எடுத்த இடத்திலேயே கேளுங்கள். பாதையையும் திரும்பும் நேரத்தையும் எழுதி வீட்டில் கொடுங்கள். குறித்த நேரம் தாண்டினால் 119க்கு அழைக்கச் சொல்லுங்கள். மேலே பல இடங்களில் சிக்னல் இராது.

கேள்வி: அட்டைக்கு உப்புப் போடலாமா?
- வாசகி, கல்முனை

பதில்: கடித்துக்கொண்டிருக்கும் அட்டைக்குப் போட வேண்டாம், தீக்குச்சியும் வேண்டாம். வயிற்றிலுள்ளதைக் காயத்துக்குள் கக்கிவிட்டுத்தான் விழும். மெலிந்த முனைதான் வாய். அதன் கீழே நகத்தைக் கிடையாக நுழைத்துத் தள்ளுங்கள், பிறகு தடித்த முனையை எடுங்கள். உமிழ்நீர் இரத்தத்தை உறையவிடாது என்பதால் நெடுநேரம் கசியும். துணியால் அழுத்திக் கட்டினால் போதும். நெருக்கமாக நெய்த நீளக் காலுறையைக் காற்சட்டைக்கு மேலே இழுத்துவிட்டு, சவர்க்காரக் கட்டியை அதன்மேல் தேய்த்துக்கொண்டால் ஏறுவது குறையும்.

கேள்வி: பயிற்சிக்காகக் குடும்பிமலைப் பக்கம் தனியே நடக்கலாமா?
- வாசகர், செங்கலடி

பதில்: தனியே வேண்டாம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள அந்தப் படுவான்கரைக் காடுகளில் யானை உண்டு. விடியலிலும் மாலையிலும் குளத்துக்கு வரும். ஊரவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, வெயில் ஏறிய பிறகு போய் 3 மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். புதிய யானைச் சாணம் கண்டால் அந்த இடத்திலேயே திரும்புங்கள்.