பெட்ரோலும் மணலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன வாரம் ஆஸ்திரேலிய ‘மேட் மேக்ஸ்’ வரிசையின் முதல் இரண்டு படங்களையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தேன். 2015இல் வந்த படத்தைத் தியேட்டரில் பார்த்ததிலிருந்தே பழையவற்றைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. முதல் படம் ஏமாற்றிவிட்டது. உலகம் அழிந்த கதை என்று நம்பி உட்கார்ந்தால் பச்சைப் புல்வெளி இருக்கிறது, கடற்கரை இருக்கிறது, ஐஸ்கிரீம் கடைகூட இருக்கிறது. முக்கால் படம் போன பிறகுதான் கதாநாயகனுக்குக் கோபமே வருகிறது. இரண்டாவது படமோ முதல் காட்சியிலிருந்தே பறக்கிறது. முதல் படம் வெறும் முன்கதை, இரண்டாவதுதான் அசல் மேட் மேக்ஸ் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரே குறை, கொல்லப்பட்ட குழந்தையையும் மனைவியையும் இரண்டாவது படம் அடியோடு மறந்துவிட்டது. உங்கள் கருத்து என்ன?

கே.

அன்புள்ள கே.,

இரண்டாவது படம்தான் கச்சிதமான படம் என்பதில் நமக்குள் சண்டை இல்லை. ‘வெறும் முன்கதை’ என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

நீங்கள் குறையாகச் சொன்ன அந்த ஐஸ்கிரீம் கடைதான் எனக்கு முதல் படத்தின் உயிர். 1979இல் வந்த அந்தப் படம் ‘இன்னும் சில ஆண்டுகளில்’ என்ற ஒரு வரியோடு தொடங்குகிறது. அணுகுண்டு, உலகப்போர் எதுவும் அதில் கிடையாது. எல்லாம் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் எதுவும் சரியாக நடக்கவில்லை. நீதி மாளிகையின் பெயர்ப்பலகையில் எழுத்து சரிந்து கிடக்கிறது. பிடிபட்ட குற்றவாளிக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஒருவரும் வராததால் வக்கீல்கள் வந்து அவனை அழைத்துப் போகிறார்கள். வேலையை விட நினைக்கும் போலீஸ்காரக் கதாநாயகன் மேக்ஸைப் பிடித்துவைக்கக் காவல்துறை ஒரு கறுப்புக் காரைக் காட்டி ஆசை மூட்டுகிறது. அழிந்து முடிந்த உலகத்தைக் காட்டுவது ஒருவகையில் சுலபம். இது அழிவுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. இரண்டில் எது பயமாக இருக்கிறது என்று கேட்டால் நான் யோசிக்காமல் முதல் படத்தைச் சொல்வேன்.

இயக்குநர் ஜார்ஜ் மில்லர் அடிப்படையில் மருத்துவர். குவீன்ஸ்லாந்தின் சின்சில்லா என்ற சிற்றூரில் வளர்ந்தவர், சிட்னியில் மருத்துவமனை அவசரப் பிரிவில் வேலை பார்த்தவர். சாலை விபத்தில் வந்து விழும் உடல்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அது. முதல் படம் முழுக்க அந்தக் கண் இருக்கிறது. எரிந்துபோன நண்பனை மேக்ஸ் மருத்துவமனையில் பார்க்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். நமக்குக் கிடைப்பது போர்வைக்கு வெளியே விழும் ஒரு கை மட்டும்தான். மனைவியும் குழந்தையும் சாலையில் ஓடுகிறார்கள், மோட்டார் சைக்கிள்கள் கடக்கின்றன, அடுத்து தார்ச்சாலையில் ஒரு குட்டிச் செருப்பு. அப்புறம் இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை: மனைவி அந்தப் படத்தில் இறப்பதில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மருத்துவர்கள் அவள் காயங்களை மளிகைப் பட்டியல் மாதிரி வாசிக்கிறார்கள். அத்தோடு அவளைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. கடைசிக் காட்சியும் அதே மருத்துவரின் கணக்குதான். பெட்ரோல் ஒழுகும் வண்டியோடு அந்த மோட்டார் சைக்கிள் கும்பலில் ஒருவனின் காலைப் பூட்டிவிட்டு அவன் கையில் ரம்பத்தைக் கொடுக்கிறான் மேக்ஸ். விலங்கை அறுக்கப் பத்து நிமிடம் ஆகும், கணுக்காலை அறுத்தால் ஐந்தே நிமிடம் என்று விளக்கம் வேறு.

இரண்டாவது படத்தில் (1981) இந்த மருத்துவர் ஏறக்குறையக் காணாமல் போகிறார். பணம் வந்துவிட்டது. முதல் படம் 4 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குள் முடிந்தது, அடுத்ததற்கு அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல். மெல்போர்னைச் சுற்றியிருந்த சாலைகளை விட்டுவிட்டு நியூ சவுத் வேல்ஸின் உட்பகுதியில், புரோக்கன் ஹில் அருகே செம்மண் வெளிக்குப் போனார்கள். நீங்கள் சொன்ன பறத்தலுக்கு அந்த நிலமும் ஒரு காரணம். மறைய ஒரு மரம் கிடையாது. வருகிற வண்டி ஐந்து மைல் முன்பே தூசியாகத் தெரியும். அப்புறம் சண்டைக்காரர்களின் உடம்பு. கடைசித் துரத்தலில் வண்டி மோதி ஒருவன் காற்றில் குட்டிக்கரணம் அடித்துக் கேமராவை நோக்கி வருவானே, அது திட்டமிட்டபடி நடந்ததல்ல, விபத்து. அந்தச் சண்டைக்காரருக்குக் கால் உடைந்தது. அந்த ஷாட்டை அப்படியே படத்தில் வைத்துவிட்டார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் அங்கே கண் கூசுகிறது.

ஆனால் அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த இடம் துரத்தல் இல்லை. ஆரம்பத்தில் கவிழ்ந்த வண்டியிலிருந்து பெட்ரோல் சொட்டுகிறது. மேக்ஸ் ஓடிப்போய்க் கிடைத்த பாத்திரத்தை வைக்கிறான், ஹெல்மெட்டை வைக்கிறான், தரையில் பரவியதைத் துணியால் ஒற்றிப் பிழிகிறான். ஒரு வசனம் இல்லை. முதல் படத்தில் பெட்ரோலுக்காக எவனும் குனிந்ததில்லை. ஓடும் டேங்கரில் திருடும்போதுகூட அது விளையாட்டாகத்தான் இருந்தது. இரண்டு படங்களுக்கு நடுவே உலகத்துக்கு என்ன ஆனது என்பதை அந்தத் துணி சொல்லிவிடுகிறது. முதல் படத்தின் இணை எழுத்தாளர் ஜேம்ஸ் மெக்காஸ்லண்ட் ஒரு பத்திரிகையாளர். எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடியில் பங்க்குகளின் முன்னே வரிசையில் நின்றவர்கள் எப்படி மாறினார்கள், இடையில் புகுந்தவர்களை எப்படித் தாக்கினார்கள் என்று பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்த வரிசையிலிருந்துதான் இந்தத் துணி வந்தது என்று நினைத்துக்கொள்வேன். (பெட்ரோலுக்காக இத்தனை பெட்ரோலை எரிக்கிறார்களே என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் படமே கிடையாது.)

இரண்டாவது படம் பறப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை யாரோ நமக்குச் சொல்கிறார்கள். ஆரம்பத்தில் கறுப்பு வெள்ளைக் காட்சிகளின் மேல் ஒரு கிழவரின் குரல், பெரும் போரில் உலகம் எரிந்தது என்கிறது. முதல் படத்தில் இல்லாத அந்தப் போரைப் பிற்பாடு சேர்த்ததே அந்தக் குரல்தான். அது யார் குரல் என்பது கடைசியில்தான் தெரிகிறது: பேச்சே வராமல் உறுமிக்கொண்டு திரிந்த அந்தப் பொடியன், வளர்ந்து, பெட்ரோலோடு வடக்கே தப்பிப் போன கூட்டத்துக்குத் தலைவனாகிக் கிழவனானவன். அவன் தன் பிள்ளைப்பருவத்தில் கண்டதைச் சொல்கிறான். அப்படியானால் வில்லன்கள் முகமூடியும் கொண்டைச் சிகையுமாக ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறார்கள், மேக்ஸ் ஏன் வாயே திறப்பதில்லை என்பதெல்லாம் புரிந்துவிடுகிறது. முதல் படம் நடந்த செய்தி, இரண்டாவது அதைப் பற்றி ஊரில் பாடும் கதை. செய்தியில் செருப்பு இருக்கும். பாட்டில் செருப்புக்கு இடமில்லை.

குழந்தையை மறந்துவிட்டது என்கிறீர்கள். மறக்கவில்லை. செத்துப்போன லாரி டிரைவரிடமிருந்து மேக்ஸ் ஒரு சின்ன இசைக் கருவியை எடுப்பான், கைப்பிடியைச் சுற்றினால் பாடும். பிறந்தநாள் பாட்டு. அதை அவன் பிறகு கொடுப்பது யாரிடம்? அந்தப் பொடியனிடம். தன் மகனுக்கு எத்தனை பிறந்தநாள் வந்தது என்று அவன் சொல்வதில்லை, படமும் சொல்வதில்லை. முதல் படத்தில் முழங்காலில் பாய்ந்த குண்டுக்கு இரண்டாவதில் காலில் இரும்புப் பட்டை மாட்டியிருக்கிறானே, அந்த மாதிரிதான் இதுவும்.

முதல் படத்தில் மேக்ஸின் மேலதிகாரி, வழுக்கைத்தலையர், ஜனங்களுக்கு நாயகர்கள் மேல் நம்பிக்கை போய்விட்டது, நாம் அதைத் திருப்பிக் கொடுப்போம் என்று அவனிடம் முழங்குவார். மேக்ஸ் சிரித்துவிடுவான். இரண்டாவது படத்தின் முடிவில் அந்த வாக்குறுதி நிறைவேறுகிறது, எப்படி என்று பாருங்கள். உயிரைக் கொடுத்து ஓட்டிவந்த டேங்கர் கவிழ்கிறது, உள்ளே இருந்து கொட்டுவது மணல். பெட்ரோலை வேறு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு கூட்டம் எப்போதோ போய்விட்டது. துரத்துபவர்களை இழுத்துப்போக ஒரு நாயகன் தேவைப்பட்டான், அவ்வளவுதான். அவனிடம்கூட ஒருவரும் சொல்லவில்லை. விரலிடுக்கில் மணல் ஒழுகுவதைப் பார்த்து மேக்ஸ் மறுபடி சிரிக்கிறான். முதல் படத்தில் சிரித்த அதே சிரிப்பா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

இந்தச் சிரிப்பை முதல் படம் பார்க்காதவரும் ரசிக்கலாம். அமெரிக்காவில் பெரும்பாலோர் அப்படித்தான் ரசித்தார்கள். அங்கே 1982இல் இரண்டாவது படத்தை ‘தி ரோட் வாரியர்’ என்று எண்ணே இல்லாமல் வெளியிட்டார்கள். முதல் படம் அங்கே அவ்வளவாக ஓடியிருக்கவில்லை. இப்போதெல்லாம் இரண்டாம் பாகம் பார்க்க முதல் பாகத்துக்கு நோட்ஸ் எடுக்க வேண்டியிருக்கிறது.

1985இல் வந்த மூன்றாவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 2015 படம் தனிக் கடிதத்துக்குரியது. ஆனால் ஒன்று: அதில் முகக்கவசம் போட்டுக்கொண்டு தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும் கிழவன் இம்மார்ட்டன் ஜோவும், முதல் படத்தின் கும்பல் தலைவன் டோகட்டரும் ஒரே நடிகர்தான், ஹியூ கீஸ்-பர்ன்.

கடைசியாக ஒரு சந்தேகம். முதல் படத்தில் மேக்ஸ் அமெரிக்கர் மாதிரிப் பேசினானா? அமெரிக்க வெளியீட்டுக்காக ஆஸ்திரேலியப் பேச்சு புரியாது என்று மொத்தப் படத்துக்கும் வேறு குரல் கொடுத்திருந்தார்கள். மேக்ஸாக நடித்த மெல் கிப்சனுக்கும் சேர்த்துத்தான். அந்தப் பிரதியைப் பார்த்திருந்தால் உங்கள் ஏமாற்றத்தில் பாதிக்கு அந்தக் குரல்கள் பொறுப்பு. சொந்தக் குரல் உள்ளதைத் தேடி இன்னொரு முறை பாருங்கள், அந்த ஐஸ்கிரீம் கடை வரைக்குமாவது.