ஃபின்னிஷ் மொழி பேசுவோருக்காக உளவியல் வினாத்தாள் ஒன்றைத் தகவமைக்க நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் போதாதா?

உணர்ச்சிகளை மனிதர் எவ்வாறு நெறிப்படுத்துகின்றனர் என்பதை அளக்கும் ஆங்கில வினாத்தாளை, இரு மொழியும் நன்கறிந்த ஒருவர் ஒரு வார இறுதியில் ஃபின்னிஷில் எழுதிவிட முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதிவிடலாம், ஆனால் அந்தத் தாள் எதை அளக்கிறது என்று எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஃபின்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் இத்தகைய பணியில் சில காலம் உதவியாளனாக இருந்தேன். அங்கே எங்களை மிகவும் அலைக்கழித்தது ஒரே ஓர் ஆங்கிலச் சொல் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உணர்ச்சி நெறிப்படுத்தலில் உள்ள இடர்ப்பாடுகளை அளப்பதற்காக கிராட்ஸ், ரோமர் ஆகியோர் 2004-இல் வெளியிட்ட அளவுகோலில் 36 கூற்றுகள் உள்ளன. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை 'நான் அப்செட்டாக இருக்கும்போது' என்றே தொடங்குகின்றன. வருத்தம், எரிச்சல், கலக்கம், மனத்தாங்கல் ஆகியவற்றில் எது என்று சொல்லிவிடாமல் அனைத்தையும் அடக்கிக்கொள்ளும் அச்சொல்லின் வசதியை, அதை அப்படியே பேச்சில் எடுத்துக்கொண்ட நமக்கு விளக்க வேண்டியதில்லை. ஃபின்னிஷில் அதற்கு எளிதில் தோன்றும் தொடர் 'பொய்ஸ்ஸா தொலல்தானி', அதாவது தன்னிலை இழந்து நிற்றல். கூற்றுகளைப் படித்தபடியே மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் செய்யும் நேர்காணல் ஒன்றில், நடுத்தர வயதுப் பெண் ஒருவர், தாம் அந்நிலையில் இருந்தது தந்தை இறந்த வாரத்தில் மட்டுமே என்று கூறிவிட்டு, 'ஏறத்தாழ ஒருபோதும் இல்லை' என்பதை வரிசையாகக் குறித்துக்கொண்டு போனார். மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவர், உணர்ச்சிகளை மிகச் சிறப்பாகக் கையாளத் தெரிந்தவர் அவர் என்றே முடிவுகட்டுவார். சற்றுத் தணிந்த 'பாஹா ஒல்லா' என்னும் தொடர் அன்றாடப் பேச்சுக்கு இயல்பானது. ஆனால் உடம்பு சரியில்லாத நிலையும் அதற்குள் நுழைந்துவிடும். நாங்கள் இறுதியில் இதையே தேர்ந்து, மனநிலையைத்தான் கேட்கிறோம் என்ற குறிப்பொன்றைத் தாளின் தொடக்கத்தில் சேர்த்தோம். அம்முடிவு எனக்கு இன்றும் முழு நிறைவைத் தரவில்லை.

1970-இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவலான மீள்மொழிபெயர்ப்பு முறை, அதாவது மொழிபெயர்த்ததை மூலத்தைக் காணாத இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கச் செய்வது, இங்கே நம்மைக் காப்பாற்றாது. மேற்சொன்ன இரண்டு தொடர்களும் ஆங்கிலத்திற்குத் திரும்பும்போது பழைய சொல்லாகவே வந்து நிற்கக்கூடும். மீள்மொழிபெயர்ப்பு பொருந்திவிட்டது என்பதையே சான்றாகக் காட்டும் ஆய்வறிக்கைகளை நான் இப்போது ஐயத்துடனேயே படிக்கிறேன்.

இதற்கு அடுத்தபடியாக எங்களை நிறுத்திவைத்தது 'துன்தெயா' என்னும் வினைச்சொல். உணர்தலையும் அறிதலையும் அது ஒருசேரக் குறிக்கும். ஒருவரை எனக்குத் தெரியும் என்பதற்கும் அதே சொல்தான். 'என் உணர்ச்சிகளை நான் உணர்வதில்லை' என்று தமிழில் எழுதினால், உணர்ச்சியே எழவில்லையா, எழுந்தது இன்னதென்று பிடிபடவில்லையா என்ற குழப்பம் வருகிறதல்லவா, அதே குழப்பம் அங்கும் உண்டு. அடையாளம் காணுதலுக்கு 'துன்னிஸ்தா' என்ற தனிச்சொல் இருப்பதால் தப்பிக்கலாம். தப்பாவிட்டால் விளைவு சிறிதன்று. உணர்ச்சிகளை இனங்கண்டு சொல்ல இயலாமையை அளக்கும் டொராண்டோ அளவுகோலில் 20 கூற்றுகள், மொத்த மதிப்பெண் 20 முதல் 100 வரை, 61-உம் அதற்கு மேலும் பெற்றால் அந்நிலை உடையவர் என்பது வழக்கம். அதன் ஃபின்னிஷ் வடிவத்தைப் பயன்படுத்திய 'தெர்வெய்ஸ் 2000' என்னும் தேசிய உடல்நல ஆய்வில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர், ஆண்களில் சுமார் 12, பெண்களில் சுமார் 8 விழுக்காட்டினர், அவ்வாறு வகைப்படுத்தப்பட்டனர். சில கூற்றுகளின் சொல்லமைப்பு விடையை ஒரு படி நகர்த்தினாலும், எல்லைக்கோட்டின் அருகே நிற்பவர்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குச் சென்றுவிடுவர்.

எதிர்பாராத இடத்தில் எளிமையும் கிடைத்தது. ஜேம்ஸ் கிராஸ், ஆலிவர் ஜான் ஆகியோரின் 2003-ஆம் ஆண்டு வினாத்தாளில் உள்ள 10 கூற்றுகளில் 6 நிகழ்வை வேறு கோணத்தில் எண்ணிப்பார்ப்பதைப் பற்றியவை. 4 உணர்ச்சியை வெளிக்காட்டாமல் அடக்குவதைப் பற்றியவை. நம் 'காட்டாமல்' என்பதிலுள்ள எதிர்மறை எச்சத்தைப் போன்ற ஈறு ஃபின்னிஷிலும் இருப்பதால், அந்த நான்கும் ஆங்கிலத்தைவிட இறுக்கமாகவே அமைந்தன.

சொற்கள் முடிந்த பிறகு எண்கள். சில நூறு பேரிடமாவது விடை பெற்று, கூற்றுகள் மூலத்தில் உள்ளபடியே குழுக்களாகச் சேர்கின்றனவா என்று காரணிப் பகுப்பாய்வில் பார்க்க வேண்டும். சராசரிகளை வேறு நாட்டுச் சராசரிகளுடன் ஒப்பிட விரும்பினால், இரு மொழியிலும் ஒரே அளவு உணர்ச்சி ஒரே விடையைத் தருகிறதா என்ற கடுமையான சோதனையிலும் தேற வேண்டும். அச்சோதனையைச் செய்யாமல், ஃபின்லாந்து மக்கள் உணர்ச்சிகளை அதிகம் அடக்குபவர்கள் என்று எழுதுவது, உரையாடலில் அமைதி காப்பதை மரியாதையாகக் கருதும் ஒரு பண்பாட்டை நோய்க்குறியாக வாசிப்பதில் முடியலாம்.

நாட்டளவில் பயன்படுத்துவதாக இருந்தால் இன்னொரு பணியும் உண்டு. ஃபின்லாந்தில் சுமார் 5 விழுக்காட்டினர் ஸ்வீடிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள், அதுவும் ஆட்சிமொழியே. ஸ்வீடனில் தயாரான வடிவம் கைவசம் இருந்தாலும், ஃபின்லாந்தின் ஸ்வீடிஷில் வழக்குச்சொற்கள் வேறுபடுவதால், அதையும் அங்குள்ளவர்களிடம் வாய்விட்டுப் படிக்கச் செய்துதான் பார்க்க வேண்டும்.