மூன்று வேளையும் சாப்பிடும் குழந்தை ஏன் வயதுக்கேற்ற உயரம் வளரவில்லை?

இட்லி, ரசம் சாதம், தோசை என்றே உண்ணும் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வயிறு நிறையும். ஆனால் எலும்பும் தசையும் வளரத் தேவையான தரமான புரதம், துத்தநாகம், இரும்பு ஆகியவை போதிய அளவில் சேரா. 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்குத் தாய்ப்பால், தானியமும் கிழங்கும், பருப்பு, பால், இறைச்சி அல்லது மீன், முட்டை, வைட்டமின் ஏ மிகுந்த காய்கனி, பிற காய்கனி என்னும் 8 வகைகளில் நாளொன்றுக்கு 5 வகையேனும் சேர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் வகுத்த அளவுகோல். ரசத்துக்குப் பதிலாகக் கெட்டிப் பருப்பு, பாதி முட்டை, முருங்கைக்கீரை ஆகியவற்றைச் சோற்றோடு மசித்துப் பிசைந்தால், தாய்ப்பாலோடு சேர்த்து அந்த 5 வகையும் ஆகிவிடும். (செலவு அதிகமில்லை, பழக்கம்தான் தடை.) அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும், பிறக்கும்போதே இருந்த எடைக்குறைவும்கூட வளர்ச்சியைக் குன்றச்செய்யும் என்பதால், அங்கன்வாடியில் எடையோடு உயரத்தையும் தவறாமல் அளந்து பாருங்கள்.