வளர்ந்த நாயைத் தத்தெடுக்கலாமா? (கடிதம்)

அன்புள்ள அக்கா,

வணக்கம். மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் இருக்கிறோம். ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் ஒரு வருஷமாக நாய் வேண்டும் என்கிறாள். லாப்ரடார் குட்டிக்கு முன்பணம் கொடுக்க இருந்த நேரத்தில், காப்பகத்திலிருந்து எடுக்கலாமே என்று மனைவி சொன்னார். போன ஞாயிறு ஒரு காப்பகத்துக்குப் போனோம். மகளுக்கு அங்கிருந்த மூன்று வயதுக் கறுப்பு நாய் ஒன்றைப் பிடித்துவிட்டது. நாட்டு நாய், பொட்டை. என் அம்மாவோ, "தெருவில் வளர்ந்தது ஒட்டாது, குட்டியிலேயே எடுத்தால்தான் நம்மை அண்டும்" என்கிறார். அசோசியேஷனிலும் முணுமுணுக்கிறார்கள். பேசாமல் காப்பகத்துக்கு ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுக் குட்டியையே வாங்கிவிடலாமா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

அந்தக் கறுப்பு நாயை எடுங்கள். உங்கள் மகள் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

குட்டி எப்படி வளரும் என்று யாருக்கும் தெரியாது. எவ்வளவு பெரிதாகும், எப்படிக் குரைக்கும், குழந்தைகளைக் கண்டால் என்ன செய்யும் என்பதெல்லாம் வளர்ந்த பிறகுதான் தெரியும். அதுவரை பாதி ராத்திரியில் எழுந்து தரை துடைக்க வேண்டும், செருப்பையும் சார்ஜரையும் ஒளித்துவைக்க வேண்டும், தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்காமல் காக்க வேண்டும். பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் வாந்தியும் ரத்தப்போக்குமாக இரண்டே நாளில் குட்டி கைவிட்டுப் போய்விடலாம். மூன்று வயது நாயிடம் இந்த மர்மம் எதுவும் இல்லை. அதன் குணம் இப்போதே கண்முன்னால் இருக்கிறது.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். அலுவலகத்தில் படிவம் கொடுப்பவரிடம் கேட்பதோடு நிற்காதீர்கள். தினமும் காலையில் கூண்டைக் கழுவுகிறவரிடம் போய்ப் பேசுங்கள். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தால் உறுமுமா, பூனையைக் கண்டால் பாயுமா, ஹெல்மெட் போட்ட ஆளைப் பார்த்தால் பயப்படுமா என்று அவருக்குத்தான் தெரியும். அவர் மறைக்கவும் மாட்டார்.

உங்கள் அம்மா சொல்வதற்கு வருகிறேன். எங்கள் வீட்டு மணியும் காப்பகத்திலிருந்து வந்தவள்தான். வரும்போது நான்கு வயது இருக்கும் என்றார்கள். வந்த அன்றே கட்டிலுக்கு அடியில் போனவள் மூன்று நாள் வெளியே வரவில்லை. நாங்கள் விளக்கை அணைத்த பிறகு வந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் உள்ளே போய்விடுவாள். துடைப்பத்தை எடுத்தால் நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விடும். யார் அவளை எதனால் அடித்தார்கள் என்பதை எங்களுக்குச் சொன்னது அந்தத் துடைப்பம்தான். அதன்பின் இரண்டு மாதம், அவள் மாடிக்குப் போயிருக்கும்போது மட்டும்தான் வீடு கூட்டினோம்.

ஒன்பதாம் நாள் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். மணி மெதுவாக வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அந்த முதுகை என் தொடையில் சாய்த்துக்கொண்டாள். அவள் மூச்சு ஏறி இறங்குவது தெரிந்தது. அவள் எழுந்து போகும்வரை நான் கத்தியைக் கீழே வைக்கவே இல்லை, அசைந்தால் போய்விடுவாளோ என்று.

மீட்புப் பணியில் இருப்பவர்கள் இதற்கு ஒரு கணக்கு சொல்வார்கள். பயம் தெளிய 3 நாள், வீட்டின் பழக்கம் பிடிபட 3 வாரம், இது என் வீடு என்று நினைக்க 3 மாதம். எல்லா நாய்க்கும் இது அச்சாகப் பொருந்தாது, சிலதுக்குக் கூடுதலாகவே ஆகும். ஆனால் முதல் வாரத்திலேயே "ஒட்டவில்லை" என்று திருப்பிக் கொண்டுபோய் விடுகிறவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. இரண்டாவது தடவை கூண்டுக்குத் திரும்பும் நாய் சாப்பாட்டைத் தொடாமல் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

காப்பகங்களில் கேட்டுப் பாருங்கள், நாய் எடுக்க வருகிறவர்களின் முதல் கேள்வி "கடுவன் குட்டி இருக்கா?" என்பதுதான். பொட்டை என்றால் குட்டி போடும் என்று வேண்டாம் என்கிறார்கள். கறுப்பு வேண்டாம், நாட்டு நாய் வேண்டாம். உங்கள் மகள் தேர்ந்தெடுத்தது இந்த மூன்றிலும் கழிக்கப்பட்ட நாய். குட்டி போடும் பயம் உங்களுக்கு வேண்டாம். அதன் ஒரு காதின் நுனி சின்னதாக வெட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கருத்தடை அறுவை சிகிச்சை முடிந்த நாய்க்கு மயக்கத்தில் இருக்கும்போதே போடும் அடையாளம் அது. இல்லாவிட்டாலும் சிகிச்சை செய்தே கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தெருநாய்க்குக் கருத்தடை என்ற வேலை இந்த நாட்டில் வேர்விட்டதே நம் ஊரில்தான். 1959இல் மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் சுந்தரம் வீட்டுக்குத் தூக்கி வந்தார். அப்படி ஒரு வீட்டில் தொடங்கியதுதான் இன்று கிண்டியில், வேளச்சேரி சாலையில் இருக்கும் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு. நாய்களைப் பிடித்துக் கொல்வதால் பயனில்லை, கருத்தடை செய்து தடுப்பூசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடுவதே வழி என்று 1964 முதல் அவர்கள் சொல்லி வந்தார்கள். சென்னை மாநகராட்சி கொல்வதை விட்டு அந்த வழிக்கு வர 1996 ஆயிற்று. முப்பத்திரண்டு வருஷம்!

நாட்டு நாய் என்று இளக்காரமாகச் சொல்கிறவர்களைத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லைப் பார்க்கச் சொல்வேன். மகேந்திரவர்மன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. மாடு கவரும் ஆநிரைப் பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்ற அவன் நாயையும் கூடவே செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். அதன் இனம்தான் நம் வெயிலில், நம் சோற்றில் வளர்ந்து வந்தது. பனி நாட்டு ஹஸ்கி நாயை ஏசி அறையில் அடைத்து வைப்பதையும், மூச்சுக்குத் திணறும் பக் நாயை அழகு என்று கொஞ்சுவதையும் என்னால் தாங்கிக்கொள்ள முடிவதில்லை. லாப்ரடார் நல்ல பிராணிதான். ஆனால் அந்தக் குட்டியின் தாய் எங்கே, எத்தனை ஈற்று ஈன்றிருக்கிறது என்று விற்பவரைக் கேளுங்கள். காட்டச் சொல்லுங்கள்.

பணம் கொடுத்துவிட்டுக் குட்டி வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பணம் கொடுங்கள், அது தேவைதான். ஆனால் காப்பகங்களில் பணத்தைவிடப் பெரிய பஞ்சம் இடம். வண்டியில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த நாய்கள் அங்கேயே வருஷக்கணக்கில் இருக்கும். அவற்றுக்குப் போக்கிடம் கிடையாது. வீட்டுக்குப் போகக்கூடிய நாய் போனால்தான் அடுத்த அடிபட்ட நாய்க்குக் கூண்டு கிடைக்கும். நீங்கள் எடுப்பது ஒரு நாயைத்தான், ஆனால் அந்த இடத்துக்கு இன்னொன்று உள்ளே வந்துவிடும்.

கொடுப்பதையும் மாதாமாதம் கொடுங்கள், சிறு தொகையாக இருந்தாலும். பிறந்தநாளன்று ஒரு பெட்டி பிஸ்கட்டோடு வந்து போட்டோ எடுத்துக்கொள்வதால் மருந்துக் கடை பாக்கி தீராது. பழைய செய்தித்தாள், கிழிந்த போர்வை, சாக்கு எல்லாமே அங்கே பயன்படும், மழைக்காலத்தில் இன்னும் அதிகமாக. அறுவை சிகிச்சை முடிந்த நாயையோ தாயில்லாத பூனைக்குட்டியையோ இரண்டு மூன்று வாரம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளவும் ஆள் தேடுவார்கள். ஃபாஸ்டர் என்பார்கள். பின்னால் யோசித்துப் பாருங்கள்.

அசோசியேஷன் விஷயம். நாய் வளர்க்கக் கூடாது என்று தீர்மானம் போடக் குடியிருப்போர் சங்கத்துக்கு உரிமையில்லை என்று விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதல்களே சொல்கின்றன. ஆனால் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஆரம்பிக்காதீர்கள். வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றையும், உங்கள் பகுதி உள்ளாட்சியில் உரிமம் கேட்டால் அதையும் எடுத்துவிட்டு, கயிறோடு கீழே இறக்கி, அது போவதை நீங்களே அள்ளி எடுங்கள். பாதி முணுமுணுப்பு அடங்கிவிடும்.

ஒன்றே ஒன்றை மட்டும் நன்றாக யோசியுங்கள். நீங்களும் மனைவியும் வேலைக்குப் போகிறீர்கள், மகள் பள்ளிக்கு என்றால் பகலெல்லாம் அந்த நாயோடு இருக்கப்போவது உங்கள் அம்மாதான். அவருக்கு மனமில்லாமல் கொண்டுவந்தால் அவருக்கும் கஷ்டம், நாய்க்கும் கஷ்டம். அதனால் அடுத்த முறை அம்மாவையும் அழைத்துப் போங்கள். வார நாளில் போனால் கூட்டமிருக்காது. கூண்டுக்கு வெளியே அந்த நாயைக் கொண்டுவரச் சொல்லி, அம்மாவுக்கு ஒரு நாற்காலி கேட்டு வாங்கிப் போடுங்கள். யாரும் எதுவும் சொல்லாமல் அரைமணி நேரம் இருவரையும் அப்படியே விடுங்கள்.

என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.