பூர்வீக ஊரைத் தேட வாரத்தில் அரை மணி நேரம் போதுமா?

கேள்வி: கோவையில் வங்கி வேலையில் இருக்கிறேன். மகன் ஏழாம் வகுப்பு, மகள் ஒன்றாம் வகுப்பு. அப்பாவின் குடும்பம் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து 1973-இல் வந்து கோத்தகிரியில் குடியேறியது. அப்பா இப்போது இல்லை. பெரியப்பாவுக்கு 82 வயது, அத்தைக்கு 76. எங்கள் பூர்வீகம் ‘திருச்சி ஜில்லா’ என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. வேலை, வீட்டுப்பாடம், சமையல் போக வாரத்தில் அரை மணி நேரம் கிடைத்தாலே அதிகம். எங்கே ஆரம்பிப்பது? வம்சாவளி தேடித் தரும் வெளிநாட்டுச் செயலிக்குப் பணம் கட்டலாமா?

பதில்: அரை மணி நேரம் போதும், ஆனால் அதை ஒரே கேள்விக்குச் செலவிட வேண்டும். வம்சாவளிப் படம் வரைவதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அதில் இறங்கினால் ஒன்றுவிட்ட சித்தப்பாக்களின் பேரப்பிள்ளைகள் பெயரைச் சேர்ப்பதிலேயே ஆறு மாதம் ஓடிவிடும். ‘எங்கள் ஊர் எது?’ என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஊர் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.

செயலிக்குப் பணம் கட்ட வேண்டாம். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய ஒன்றரை லட்சம் பேருக்கு, பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் என்று ஆள்வாரியான பட்டியல் இருக்கிறது. இலங்கைக்கு நம் ஆட்கள் போனது கங்காணியின், அதாவது ஊரில் ஆள் சேர்த்துத் தோட்டத்தில் வேலை வாங்கும் மேஸ்திரியின், பின்னால். அவர்களுக்கு அப்படி ஒரு முழுப் பட்டியல் கிடையாது. உங்களுக்கு வேண்டியது பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியிலும் அத்தையின் நினைவிலும்தான் இருக்கும்.

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதி என்று பங்கிட்டார்கள். அந்த மக்கள் பட்ட பாடு தனிக் கதை. ஆனால் அதனால் உங்கள் வீட்டில் காகிதம் சேர்ந்தது. வெளிநாட்டில் இருப்பவர் இந்தியக் குடிமகனாகப் பதிவு செய்ய, அரசியல் சாசனத்தின் 8-வது பிரிவுப்படி, அவரோ பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். அதனால் மனுப் போடும்போது பூர்வீகத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

ஆகவே தேட வேண்டியவை: தாத்தாவின் இந்தியப் பாஸ்போர்ட், புறப்படும் முன் கண்டி இந்தியத் துணைத் தூதரகம் கொடுத்த குடும்ப அட்டை, அங்கே பதிவான பிறப்புச் சான்றிதழ்கள். சாதிச் சான்றிதழ், வீட்டுமனை என்று எதற்காவது கேட்பார்கள் என்று பல குடும்பங்கள் இவற்றைப் பத்திரமாக வைத்திருக்கின்றன. பாஸ்போர்ட்டை எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், வெற்றுப் பக்கம் உட்பட. ஓரத்தில் பென்சிலில் கிறுக்கிய ஒரு எண்கூட உதவும். ஜன்னல் வெளிச்சம் போதும், பிளாஷ் வேண்டாம். ‘பத்திரமா இருக்கட்டும்’ என்று யாராவது லேமினேஷன் செய்யக் கிளம்பினால் தடுத்துவிடுங்கள், பழைய காகிதம் அதோடு பாழாகும். இலங்கைப் பிறப்புச் சான்றிதழில், பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் எழுத ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தை முதலில் பாருங்கள்.

ஊர்ப் பெயர் இருந்தாலும் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். யாரோ ஒரு குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். ல, ள, ழ மூன்றும் அதில் ஒன்றாகிவிடும், ர, ற ஒன்றாகிவிடும், கடைசியில் இருந்த ‘பட்டி’யோ ‘பாளையமோ’ காணாமல் போயிருக்கும். எழுத்துக் கூட்டிப் படிப்பதைவிட, பெரியப்பாவிடம் நாலைந்து விதமாகச் சொல்லிக் காட்டுங்கள். சரியான ஒலி வரும்போது அவரே பிடித்துக்கொள்வார். ஜில்லாவைவிடத் தாலுகா முக்கியம். அன்றைய திருச்சி ஜில்லா பெரியது. கரூரும் பெரம்பலூரும் 1995-இல்தான் தனி மாவட்டங்கள் ஆயின. அதனால் இன்றைய திருச்சி மாவட்டப் படத்துக்குள் மட்டும் தேடினால் ஊர் அதற்கு வெளியே இருந்துவிடலாம்.

இனி பேச்சு. காகிதம் அடுத்த வருடமும் இருக்கும், 82 வயது காத்திருக்காது. எனவே இந்த ஞாயிற்றுக்கிழமையே பெரியப்பாவுக்குப் போன் போடுங்கள். அவர் சம்மதத்தோடு பதிவு செய்யுங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம், பெரியவர்கள் களைத்துவிடுவார்கள். ‘நம்ம குடும்ப வரலாறு சொல்லுங்க’ என்று கேட்டால் யாருக்கும் வாய் வராது. ‘லயத்துல நம்ம காம்பராவுக்குப் பக்கத்துக் காம்பராவில் யார் இருந்தாங்க?’ என்று கேளுங்கள் (லயம் என்பது தோட்டத்து வரிசை வீடு, காம்பரா அதில் ஓர் அறை). இது பொழுதுபோக்குக் கேள்வி அல்ல, எனக்குத் தெரிந்ததிலேயே பலன் அதிகம் தரும் கேள்வி. கங்காணி பெரும்பாலும் தன் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் சொந்தபந்தத்திலும்தான் ஆள் சேர்த்தார். அதனால் ஒரே கங்காணியின் கீழ் பேர் பதிந்து ஒரே லயத்தில் இருந்த குடும்பங்கள் பல நேரம் ஒரே தாலுகாக்காரர்கள். உங்கள் குடும்பம் ஊர்ப் பெயரை மறந்திருக்கலாம், பக்கத்துக் காம்பராக்காரர்கள் மறக்காமல் இருக்கலாம். அவர்களும் தாயகம் திரும்பியிருந்தால் நீலகிரியிலேயே, ஒருவேளை 1968-இல் இவர்களுக்காகவே தொடங்கிய டான்டீ (தமிழக அரசின் தேயிலைத் தோட்ட நிறுவனம்) தோட்டக் குடியிருப்பு ஒன்றில், இருக்கக்கூடும். கங்காணி பெயர், கணக்கப்பிள்ளை பெயர், தோட்டத்தின் ஆங்கிலப் பெயர், நம் ஆட்கள் அதை அழைத்த தமிழ்ப் பெயர், தோட்டத்தின் எந்தப் பிரிவு (மேற்கணக்கா கீழ்க்கணக்கா), கிட்டத்து டவுன் ஹட்டனா தலவாக்கலையா பதுளையா, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காலத்தைக் கணிக்க வருடம் கேட்காதீர்கள், பயணம் கேளுங்கள். ‘நம்ம ஆளுங்க மாத்தளைக்கு நடந்தே போனாங்களாம்’ என்றால் அது ரயில் வருவதற்கு முந்தைய தலைமுறை. தனுஷ்கோடி வரை ரயிலில் போய்த் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறிய போட் மெயில் கதை என்றால் 1914-க்குப் பிறகு. கூலி வேலைக்கு இலங்கை போவதை இந்திய அரசு 1939 ஆகஸ்டில் தடை செய்துவிட்டதால், முதலில் போனவர் அநேகமாக அதற்கு முன்பே போயிருக்க வேண்டும்.

அத்தையிடம் தனியாகப் பேசுங்கள். பெரியப்பா பக்கத்தில் இருந்தால் பதிலை அவர் சொல்லிவிடுவார். யார் வீட்டில் பெண் எடுத்தோம், யாருக்குக் கொடுத்தோம், அப்பாயி பிறந்த வீடு எது, தாய்மாமன் சீர் யார் கொண்டுவந்தார்கள் என்பதெல்லாம் பெண்களிடம்தான் கிடைக்கும். ஆவணங்களில் பாட்டிமார்கள் பாதிப் பேர் இல்லை, அத்தை சொல்லாவிட்டால் அவர்கள் போனது போனதுதான். அப்புறம் குலதெய்வம். ‘கருப்பசாமி’ என்ற ஒற்றைப் பெயரை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முடியாது. கூட இருக்கும் பரிவார தெய்வங்கள் யார், முதல் பூசை யாருக்கு, கும்பிடு மாசி சிவராத்திரிக்கா ஆடியிலா, கிடா உண்டா, ஊர்க் கோயிலிலிருந்து பிடிமண் (ஒரு கைப்பிடி மண்) எடுத்துப்போய்த் தோட்டத்தில் கோயில் வைத்தார்களா என்று கேளுங்கள். இந்தக் கலவை ஊருக்கு ஊர் மாறும். அதைக் கொண்டு ஊரை அடையாளம் காணலாம்.

கேள்வி கேட்கும் வேலையை மகனிடமும் கொடுங்கள். ‘நீங்க ஸ்கூலுக்கு என்ன சாப்பிட்டுப் போனீங்க, தாத்தா?’ என்று ஒரு பேரன் கேட்டால், நமக்குச் சொல்லாததை அவனுக்குச் சொல்வார்கள். ஆனால் 1973-74-இல் தோட்டங்களில் பட்டினி கடுமையாக இருந்தது. ஒப்பந்தம் அண்ணனை அங்கேயும் தம்பியை இங்கேயும் பிரித்தது. அந்த இடத்தில் பெரியவர் பேச்சை நிறுத்தினால் நீங்களும் நிறுத்திவிடுங்கள். காகிதங்களில் சாதிப் பெயர் பழைய, கொச்சையான சொல்லில் இருக்கலாம். அதைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்காதீர்கள், எழுதியவர்களின் பார்வை அது என்று சொல்லிக் கொடுங்கள். அங்கேயே தங்கிவிட்ட உறவினர் இருந்தால் வாட்ஸ்ஆப்பில் பிடியுங்கள். பிரதேச செயலகத்தில் பழைய பிறப்புப் பதிவின் நகல் கேட்க அவர்களால்தான் சுலபமாக முடியும்.

சேர்ப்பதற்கு ஒரே ஒரு நோட்டு, போனில் ஒரே ஒரு கோப்புறை. ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் யார் சொன்னது, எந்தத் தேதி என்று எழுதுங்கள். பெரியப்பாவும் அத்தையும் முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள், தீர்ப்பு அப்புறம். கோத்தகிரிப் பயணத்தைப் பள்ளி விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டி திறப்பதற்கு மட்டும் அரை நாள் தேவைப்படும்.

தாலுகா அலுவலகத்தில் பட்டா, சிட்டா தேடி அலைய வேண்டாம் என்பது என் கருத்து. தோட்டத்துக்குப் போனவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாதவர்கள். ஆனால் ஊர் இதுதான் என்று தோன்றி நேரில் போகும்போது, நிலப் பேச்சை நீங்களே முந்திக்கொள்ள வேண்டும். மூன்று தலைமுறை கழித்து ஒருவர் வந்து ‘எங்க பாட்டன் இந்த ஊர்’ என்றால், பங்கு கேட்க வந்திருக்கிறாரோ என்றுதான் முதலில் நினைப்பார்கள். ‘சொத்து எதுவும் கேட்டு வரலைங்க, சாமி கும்பிடத்தான் வந்திருக்கோம்’ என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு கோயில் பூசாரியிடம் போங்கள், தலைக்கட்டு வரி (குடும்பவாரியாகக் கோயிலுக்குக் கொடுக்கும் பணம்) நோட்டு அவரிடமோ கோயில் காரியக்காரரிடமோ இருக்கும். அங்கிருந்தே பெரியப்பாவுக்கு வீடியோ கால் போட்டு, போனை அந்த ஊரின் வயதான ஒருவர் கையில் கொடுங்கள். பரிவார தெய்வங்களின் வரிசையும் கங்காணியின் பெயரும் ஒத்துப்போகிறதா என்பதை அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளட்டும்.